டாக்டரம்மா சொல்லாத பத்தியம்

என் மருமகள் சந்திரவல்லியை நான் பெண் பார்க்கப் போனது 1973இல். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் அவள் அப்பா காசிராஜன் கங்காணியாக இருந்தார். ஜீப்பில் ஏறிய எனக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் வயிறு ஒரு தடவை புரண்டது. இறங்கியதும் அவர்கள் வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சம்பந்தம் பேச வந்தவள் செய்கிற காரியமா அது? எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "சாரமில்ல அத்த, மொதமொத ஜீப்புல மலை ஏறுனா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் பேச்சில் பாதி மலையாளம். சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். இவள்தான் என் வீட்டுக்கு என்று அங்கேயே முடிவு செய்தேன். என் மகன் சுருளிவேலிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

என் பெயர் மொக்கம்மாள், ஊர் சிலமலை. வீட்டுக்காரர் எழுபதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே நாலு ஏக்கர் கிணற்றுத் தோட்டம், மலையில் இரண்டு ஏக்கர் ஏலம், இவற்றை வைத்துக் காலம் தள்ளியது நானும் என் வாயும்தான். ஊரில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பிள்ளை பெற்றவள், காமாலை கண்டவன், நாய் கடித்தவன் என்று யாருக்கு என்ன பத்தியம் என்று தெரிய வேண்டுமானாலும் என்னிடம்தான் ஆள் வரும். எதைத் தள்ள வேண்டும், எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வேன். மருந்து கொடுத்தவன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். பத்தியம் இல்லாத மருந்தை நான் மருந்தென்றே மதித்ததில்லை.

வந்தவள் மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். பொன்னுமணி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது, 1976 மாசியில், சந்திரவல்லிக்குத் தூக்கம் போனது. தூக்கம் வரவில்லையே என்று தவிக்கவில்லை, தூக்கமே வேண்டாம் என்று இருந்தாள். நாங்கள் எழுந்திருக்கும்போது எங்கள் தொழுவம், பக்கத்து வீட்டுத் தொழுவம், தெருமுனை வரைக்கும் கூட்டி முடித்திருப்பாள். நாலு ஆள் பார்க்கிற சோலியைத் தனியாகப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "எம் மருமக மாதிரி எவளாச்சும் இருக்காளாடி?" என்று கிணற்றடியில் பீற்றிக்கொண்டிருந்தேன். நோயைப் பிடித்து வைத்துக்கொண்டு பெருமை பேசிய மடச்சி நான்.

பிறகு பேச்சு கூடியது. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. ஒருநாள் மலையிலிருந்து வந்த எங்கள் ஏலக்காய் மூட்டையைப் போடி பஸ் ஸ்டாண்டில் அவிழ்த்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். அவள் சிரிப்பு நான் முதலில் பார்த்த சிரிப்பு இல்லை. அதை நிறுத்த அவளாலேயே முடியவில்லை. கையைப் பிடித்தபோது உடம்பு கொதித்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் காசிமாயன்தான் எங்கள் வகையறாவுக்குப் பெரியவர். அவர் தேவாரம் என்ற ஊரிலிருந்து பேய் விரட்டுகிற கோடாங்கி ஒருவனைக் கூட்டி வந்தார். மலையில் செத்த ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று கோடாங்கி உடுக்கையை அடித்துச் சொன்னான். அவளை விரட்ட வேண்டுமென்று சாட்டையால் அடித்தான். அப்போது சந்திரவல்லியின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

அடித்தும் அடங்கவில்லை. காசிமாயன் என்னிடம், "மொக்கம்மா, ஊரு சிரிக்கிறதுக்குள்ள ஒரு சங்கிலியப் போட்டுத் தொழுவத்துல கட்டிரு. நாளாக நாளாகத் தானா அடங்கும்" என்றார்.

அந்தச் சங்கிலி என்ற சொல் என் காதில் விழுந்ததும் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. "சங்கிலின்னு இன்னொரு தடவ சொன்னீங்க பெரிய மச்சான், அதே சங்கிலியில உங்களக் கட்டிப் போடுவேன். ஆமா!" என்று கத்தினேன். மூத்தவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கருப்பம்மாள் என்று ஒரு தங்கச்சி இருந்தாள். இரண்டு வயது இளையவள். பதினாலாவது வயதில் அவளுக்கும் இப்படித்தான் வந்தது. தூக்கம் போய், பேச்சு கூடி, பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். என் அய்யா அவளைப் பின்கட்டு உரலோடு சங்கிலி போட்டுக் கட்டினார். அவர் கெட்டவர் இல்லை. வேறு என்ன செய்வதென்று அவருக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் சத்தம் போடக் கூடாதென்று வாயில் துணி வைத்தார்கள். ஒன்பது வருஷம் கட்டிக் கிடந்தாள். 1956இல் செத்துப் போனாள். இறந்த பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார்கள். கணுக்காலில் அது பதிந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்தேன்.

அதனால்தான் சந்திரவல்லியை மதுரைக்குக் கூட்டிப் போனேன். போடியில் ஊசி போடுகிற டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் அடங்கி அடுத்த கோடிக்குப் போயிருந்தாள். சோறு வேண்டாம், பிள்ளை வேண்டாம், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆஸ்பத்திரியில் தலையில் கரண்ட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ஊரில் கேட்டவர்கள் எல்லாம் "ஐயையோ, ஆளையே கொன்னுருவான்" என்று பயமுறுத்தினார்கள். ஆனால் ஆறாவது தடவை வைத்த மறுநாள் அவள் என்னைப் பார்த்து, "அத்த, பொன்னுமணி எங்க?" என்று கேட்டாள். நாலு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. அந்த வராண்டாவிலேயே விழுந்து கும்பிட்டேன். சாமியையா, கரண்ட்டையா என்று கேட்காதீர்கள்.

அந்த வார்டில் மலைச்சாமி என்று ஒரு வயசான ஊழியர் இருந்தார். முன்பு மெட்ராஸில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் அப்படித்தான் அதைச் சொல்வார்கள். சந்திரவல்லிக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரையைக் காட்டி, "குளோர்புரோமசின்" என்றார். மூன்று தடவை சொல்லச் சொல்லியும் என் வாயில் நுழையவில்லை.

"இது வர்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட என்னம்மா இருந்துச்சு? பூட்டு இருந்துச்சு, தலையில ஊத்தப் பச்சத் தண்ணி இருந்துச்சு. வார்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். இது வந்த மாசத்துல ஒருநா காலையில நான் வார்டுக்குள்ள போறேன், வேப்பமரத்துல காக்கா கத்துறது கேக்குது. அத்தன வருசத்துல நான் அங்க காக்கா சத்தத்தக் கேட்டதே இல்ல" என்றார்.

"அது எந்த வருசம்ண்ணே?"

"அம்பத்தஞ்சு இருக்கும்."

கருப்பம்மாள் செத்தது ஐம்பத்தாறில். மருந்து மெட்ராஸுக்கு வந்துவிட்டது, சிலமலை உரலடிக்கு வந்து சேரவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவதென்று தெரியாததால் அன்றைக்கு மலைச்சாமியையே எதற்கோ திட்டிவிட்டு வந்தேன், பாவம்.

அந்த மாத்திரையும் லேசுப்பட்டதில்லை. அலைச்சல் அடங்கியது வாஸ்தவம். ஆனால் சந்திரவல்லி மரப்பாச்சி மாதிரி ஆனாள். நடந்தால் கை வீசாது. வாயோரம் எச்சில் வழியும். மிளகாய்த் தோட்டத்தில் அரை மணி நேரம் வெயிலில் நின்றால் முகம் நெருப்பில் வாட்டியது போலக் கருகிப் போகும். "அத்த, நான் இருக்கேனா போயிட்டேனான்னு எனக்கே தெரியல" என்றாள் ஒருநாள். மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டாள். 1979இல் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். ஐப்பசியில் மறுபடி தூக்கம் போனது.

இந்தத் தடவை காசிமாயன் என்னிடம் பேசவில்லை. வகையறாக்காரர்களைச் சாவடியில் கூட்டினார். "என் தம்பி மகன் வாழ்க்க வீணாப் போகுது. வர்ற பங்குனி பதினஞ்சு வரைக்கும் பாப்போம். தெளிஞ்சிருந்தா நல்லது. இல்லேன்னா துரும்பக் குடுத்துற வேண்டியதுதான்" என்றார்.

எங்களில் கல்யாணத்தை முறிப்பது அப்படித்தான். புருஷன் நாலு பேர் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பைப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிவிட்டால் தீர்ந்தது. பிள்ளை அப்பன் வீட்டில் இருக்கும், அவள் மட்டும் மலை ஏற வேண்டும். ஐந்து வயது பொன்னுமணியை விட்டுவிட்டுச் சந்திரவல்லி போக வேண்டும். சுருளிவேலுக்கு அடுத்த பெண்ணைக்கூடக் காசிமாயன் பார்த்து வைத்திருந்தார். என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை அங்கேயே இரண்டு அறை விடலாமா என்று வந்தது எனக்கு.

மறுபடி மதுரை. இப்போது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயசு, கழுத்தில் தாலி இல்லை. என்னை உட்காரச் சொல்லி, சந்திரவல்லிக்கு முதலில் எப்போது தூக்கம் போனது, எப்போது சுவரைப் பார்த்துப் படுத்தாள், மறுபடி எப்போது எழுந்தாள் என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதினார். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், "அம்மா, இது பேயும் இல்ல, கொணக்கேடும் இல்ல. சிலருக்குச் சர்க்கரை ஏறி எறங்குற மாதிரி இவங்களுக்கு மனசோட வேகம் ஏறி எறங்குது. ஏறுறதையும் எறங்குறதையும் கட்டுப்படுத்த இப்ப ஒரு மாத்திரை இருக்கு. லித்தியம்னு பேரு" என்றார். முதலில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து வேகத்தை அடக்கினார்கள். தை மாதம் இந்த லித்தியத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அடிக்கடி வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் வேலை செய்யாதாம்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பத்தியம் என்ன தாயி?"

"பத்தியமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் சாப்பிடுற மாதிரி சாப்பிடணும். தண்ணி நல்லாக் குடிக்கணும். சாப்பாட்டுல எதையும் மாத்தாதீங்க."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. படித்த பெண்தான், நல்ல பெண்தான், ஆனால் பத்தியத்தைப் பற்றி இதற்கு என்ன தெரியும்? ரத்தத்தையே எடுத்துச் சோதிக்கிற அளவு காரமான மருந்துக்குப் பத்தியம் இல்லையாம்! போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இருப்பதிலேயே கடுமையான பத்தியத்தைப் பிடித்தேன். உப்பு கிடையாது, புளி கிடையாது, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். கஞ்சியும் கீரையும் பாசிப்பயறும் எல்லாம் உப்பில்லாமல். அவளுக்கு மட்டும் வைத்தால் மனசு கேட்காதே, நானும் அதையே தின்றேன். சந்திரவல்லி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "அத்த எனக்காகத்தான செய்யிறீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினாள்.

முதல் மூன்று வாரம் பொன்னாகப் போனது. இரவானால் தூங்கினாள், விடிந்தால் எழுந்தாள். பொன்னுமணிக்குத் தலை சீவினாள். கை வீசி நடந்தாள், முகம் கருகவில்லை. பத்தியம்தான் வேலை செய்கிறது என்று நான் மீசை இல்லாமலே முறுக்கிக்கொண்டேன். இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கப் போக வேண்டிய நாள் வந்தது. பத்தியத்தில் இருக்கிற உடம்பிலிருந்து ரத்தம் எடுத்தால் தாங்காது என்று அதையும் நான்தான் தள்ளிப் போட்டேன்.

மாசிக் கடைசியில் வெயில் ஏறியது. கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம், எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. அன்று மத்தியானம் சந்திரவல்லி தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள், கை நடுங்கித் தண்ணீர் முழுக்கக் கீழே கொட்டியது. மறுநாள் வாந்தி, பேதி. அதற்கு மறுநாள் குடித்தவள் போலத் தள்ளாடினாள், பேச்சு குழறியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பங்குனி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

காசிமாயன் கோடாங்கியோடு வந்து வாசலில் நின்றார். "பாத்தியா மொக்கம்மா? மருந்து மருந்துன்னு குதிச்சியே, அந்த மலையில செத்தவ இவ நாக்கையே கட்டிப்புட்டா. அவள எறக்காம இது தீராது" என்றார். கோடாங்கி உடுக்கையை எடுத்தான்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கோடாங்கி சொல்வதுதான் சரியோ என்று நினைத்தேன். நான் இவ்வளவு சுத்தமாகப் பத்தியம் பிடித்தும் இப்படி ஆகிறதென்றால் வேறு என்னவாக இருக்கும்?

அப்போது ஒரு ஜீப்பு வந்து நின்றது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற சின்னமுத்துவின் ஜீப்பு. ஏற்றிய ஆட்களை எல்லாம் போடியிலேயே இறக்கிவிட்டுச் சுருளிவேல் அதைக் கொண்டு வந்திருந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். பெண்டாட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் படுக்க வைத்தான். "அம்மா, ஏறு வெரசா" என்றான். அந்தப் பிள்ளையைத்தான் வாய் இல்லாதவன் என்று நான் அத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

மதுரையில் டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து, "மாத்திரைய அளவுக்கு மேல குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நாட்டு மருந்து?" இல்லை. "சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களாம்மா?"

"இல்ல தாயி. எப்பவும் போலத்தான்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். ஏன் பொய் சொன்னேன்? நான் வைத்தது தப்பான பத்தியம் என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் சொல்லிவிடக் கூடாதே என்ற திமிர்தான். உள்ளே ஒருத்தி உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது எனக்கு அந்தத் திமிர் இருந்தது.

சுருளிவேல்தான் சொன்னான். "உப்பு இல்லாம சாப்புடுறா டாக்டர். முப்பத்தேழு நாளா. எங்கம்மாவுந்தான் அப்படிச் சாப்புடுது."

டாக்டரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார். உப்பு உள்ளே போகாவிட்டால் உடம்பு பயந்துபோய், இருக்கிற உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். அதோடு சேர்த்து இந்த மருந்தையும் பிடித்துக்கொள்ளுமாம். தினமும் மூத்திரத்தில் போக வேண்டிய மருந்து போகாமல் ரத்தத்திலேயே சேர்ந்து சேர்ந்து விஷமாகிவிட்டது. வெயிலில் வியர்த்தது இன்னும் மோசமாக்கியது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார்.

என் தங்கச்சியை என் அய்யா கட்டிப் போட்டார். என் மருமகளை நான் என் கைச் சோற்றாலேயே கொல்லப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பாசத்தில் செய்ததுதான். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இப்ப நாங்க ஏத்தப் போறதே உப்புத் தண்ணிதாம்மா. அது உள்ள போகப் போகச் சேர்ந்த மருந்து வெளிய வந்துரும். நீங்க போய் மொதல்ல ஒரு உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிட்டு வாங்க. உங்க முகமும் நல்லா இல்ல."

மூன்று நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ஒவ்வொரு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் கை நடுக்கம் நின்றது. ஆறாம் நாள் பேச்சு தெளிந்தது. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு மொத நாள்லருந்தே ஒரு சந்தேகந்தான் அத்த. ஆனா உங்ககிட்ட எவ சொல்றது?" என்றாள். அப்புறம் சிரித்தாள். அது அவளுடைய பழைய சிரிப்பு, முதல் நாள் பார்த்த சிரிப்பு. அப்பாடா என்று இருந்தது எனக்கு. பழையபடி அளவு பார்த்து மாத்திரையைத் தொடங்கிக் கொடுத்தார் டாக்டரம்மா. பங்குனி பன்னிரண்டு அன்று வீடு வந்து சேர்ந்தோம்.

பதினஞ்சாம் தேதி சாவடியில் கூடினார்கள். ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மூத்தவரான சோலை தீர்ப்புச் சொல்ல நடுவில் உட்கார்ந்தார். காசிமாயன் எழுந்தார். "சொன்ன தவணை முடிஞ்சுபோச்சு. தெளிஞ்சுட்டாளான்னா, பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு மூணு நாளைக்கு முன்னாடிதான் வந்திருக்கா. நாக்குக் குழறி, ஆள் தெரியாமக் கெடந்தத நான் கண்ணால பாத்தேன். இதுக்கு மேல என்ன பேச்சு?" என்றார். ஒருவர் வைக்கோல் துரும்பைக் கிள்ளி எடுத்துச் சுருளிவேல் பக்கம் நீட்டினார்.

எனக்கு இரண்டே வழிதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெருமை பிழைக்கும், அவள் போய்விடுவாள். நான் எழுந்து நின்றேன்.

"அவளுக்கு இப்ப வந்தது நோவு இல்ல. நான் ஆக்கிப் போட்ட சோறு" என்றேன். "டாக்டரம்மா பத்தியம் வேணாம்னுச்சு. நான் அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு உப்ப நிறுத்துனேன். மருந்து உள்ளேயே தங்கி வெஷமாகிப் போச்சு. குத்தம் எம்மேல. இனிமே பத்தியம் கேட்டு ஒருத்தரும் எங்கிட்ட வராதீங்க. தவணை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க, தீத்து விடணும்னா என்னத் தீத்து விடுங்க."

பின்னால் ஒருத்தி, "அப்ப எம் மகளுக்குச் சொன்ன பத்தியம்?" என்று கத்தினாள், சாவடியே சிரித்தது. எனக்கு மானம் போனது. போனால் போகட்டும் என்று இருந்தது. உப்பு நிறுத்திய கதையைச் சோலை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் டாக்டரம்மா தமிழிலேயே, வழக்கம் போல் உப்புச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கோடு போட்டிருந்தார். எனக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"சுருளி, நீ என்னப்பா சொல்ற?"

"எனக்கு இவ போதும்" என்றான் என் மகன். நீட்டிய துரும்பை அவன் தொடவில்லை.

சோலை சந்திரவல்லியைப் பார்த்தார். "நீ சொல்லு பிள்ள. இவ்வளவும் நடந்துபோச்சு. ஒனக்கு இந்த வீட்டுல இருக்கச் சம்மதமா?"

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "சம்மதந்தான். ஆனா இன்னைலருந்து அடுப்படி என்னோடது. அத்த உள்ள வரக் கூடாது."

சாவடி இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷம் நான் ஆண்ட அடுப்படி. ஆனால் ஊர் முன்னால் நின்று தனக்கு இன்னது வேண்டும் என்று கேட்கிற பெண்ணைப் பைத்தியம் என்று எவன் சொல்வான்? "சரிடி ஆத்தா, எடுத்துக்க" என்றேன். கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க அவள் மாத்திரையோடுதான் இருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். தாகம் அதிகம், கை லேசாக நடுங்கும், உடம்பு கொஞ்சம் பருத்தது. மலைத் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

1986 ஐப்பசியில், வயசுக்கு வந்திருந்த பொன்னுமணிக்குச் சடங்கு வைக்க நாள் குறிக்க வேண்டியிருந்தது. வீடு நிறைய ஆட்கள், சோலை இருந்தார், காசிமாயன் இருந்தார். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு வந்த சந்திரவல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், வயிற்று வலியைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அத்த, நாலு நாளா எனக்குத் தூக்கம் கொறையுது. பேச்சும் கூடுது. மாத்திரை அளவப் பாக்கணும், நாளைக்கு மதுரைக்குப் போயிட்டு வர்றேன்."

இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாளே என்று காசிமாயனைப் பார்த்தேன். அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஆறு மணி பஸ்சுக்குப் போ ஆத்தா. அதுலதான் உக்கார எடம் கெடைக்கும்" என்றார். பிறகு சடங்குக்குப் பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்ற பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

நான் எழுந்து உள்ளே போய், எனக்கு விலக்கு வைத்திருந்த அந்த அடுப்படியிலேயே நின்று, சத்தம் வராமல் அழுதேன். இப்படி ஒரு பேச்சைக் காது குளிரக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.